அலுமாரிக்குப் பின்னால் இருந்த வீடு

எங்கள் வீட்டுக்கு முதன்முறை வருகிறவர்கள் ஹோலுக்குள் நுழைந்ததும் ஒரு கணம் தயங்குவார்கள். கதிரைகளுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே, அறைக்குள் இருக்க வேண்டிய பெரிய உடுப்பு அலுமாரி நிற்கும். நான் பாடசாலைக்குப் போக அபாயா எடுப்பதென்றால், கதிரையில் இருக்கும் விருந்தாளியிடம் காலை மடக்கச் சொல்லித்தான் அலுமாரிக் கதவைத் திறக்க வேண்டும். யாராவது கேட்டால், "அறைக்குள்ள இடமில்ல" என்று உம்மா சொல்வார். அறைக்குள் தாராளமாக இடம் இருந்தது. அலுமாரி ஹோலில் நின்றது, அதன் பின்னால் இருந்த வெடிப்பை மறைக்க.

கல்முனைப் பக்கத்து எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே பெண் பிள்ளை பிறந்த அன்றே தகப்பனின் தலைக்குள் ஒரு வீடு கட்டத் தொடங்கிவிடும். இரண்டு பெண் பிள்ளை என்றால் இரண்டு வீடு. வாப்பாவுக்கு நாங்கள் இரண்டு பேரும் பெண்கள். அவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி நற்பிட்டிமுனைப் பக்கம் மீன் விற்கிறவர். உம்மா குவைத்தில் ஒரு வீட்டில் பல வருடம் சமையல் வேலை செய்தவர். அந்தச் சம்பளத்தில் எழுந்ததுதான் கீழ் வீடு. குவைத்தில் தான் துடைத்த தரையைப் போலவே வெள்ளை மாபிள் பதிக்க வேண்டும் என்பது உம்மாவின் ஆசை. அப்படியே பதித்தார்கள்.

வீடு நிற்கிற நிலம், எங்கள் வளவு, தோணா ஓரம். மாரியில் கடல் நீரும் மழை நீரும் ஊருக்குள் வந்து போகிற அந்தக் கால்வாயை ஒட்டிய சதுப்பை, மண்ணும் உடைந்த கல்லும் போட்டு நிரப்பித்தான் எங்கள் வீதியே உண்டானது. ஒரு வீட்டுச் சுவரில் சாய்ந்தால் அடுத்த வீட்டுக்காரர் யாரென்று கேட்பார், அவ்வளவு நெருக்கம். இரண்டாவது வீட்டுக்கு நிலம் எங்கே? வாப்பா மேலே பார்த்தார். தங்கச்சிக்கு மாடியில் ஒரு வீடு.

இந்தப் பிழையை எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் இவ்வளவு அன்போடு செய்வார்களா தெரியவில்லை. ஒரு பிள்ளையின் வீட்டைத் தாங்கப் போட்ட அத்திவாரத்தின் மேல் இரண்டாவது பிள்ளையின் வீட்டையும் ஏற்றினார்கள். தூண் எழுப்ப வேண்டுமா என்று கேட்டதற்கு, வாப்பாவின் மச்சான் முறையான மேசன் சுவரில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இது யானை ஏறினாலும் நிக்கும் மச்சான்" என்றாராம். யானை ஏறவில்லை. மாடித் தளத்துக் கொங்கிரீட் பிளேட்டும் சுவர்களும் தண்ணீர்த் தாங்கியும் ஏறின. அடுத்த மாரியில் வெள்ளை மாபிளில் தலைமயிர் விழுந்தது போல ஒரு கோடு தெரிந்தது. உம்மா அதை உண்மையாகவே மயிர் என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தார்.

அதன் பிறகு கோடு சுவரில் ஏறியது. ஒவ்வொரு மாரி முடிந்ததும் வாப்பா சீமெந்து குழைத்துப் பூசுவார், மேலே நிறம் அடிப்பார். ஒவ்வொரு மாரியும் அது பழைய வழியிலேயே திரும்ப வந்தது, கொஞ்சம் அகலமாக. கடைசியில் அலுமாரி வந்தது.

வீடு என் பெயரில் இருந்தது. நான் ஏ.எல். பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்துப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது, வாப்பா வீட்டு உறுதிப் பத்திரத்தை என் பெயருக்கு மாற்றி எழுதினார். மேல் வீடு தங்கச்சிக்கு என்பது வாய்ப்பேச்சு. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. உம்மா குர்ஆனைத் தடையில்லாமல் ஓதுவார். பஸ்ஸின் பெயர்ப் பலகையை வாசிக்க வேண்டுமென்றால் என் முகத்தைப் பார்ப்பார். நான் இன்று கணிதம் படிப்பிக்கிற ஆசிரியை. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்வது எனக்கே தெரியும். உயரட்டும்.

தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசி முடித்தபோதுதான் எனக்குள் பயம் பிடித்தது. நோன்புப் பெருநாள் கழிந்து கலியாணம். மாப்பிள்ளை வந்து மேல் வீட்டில் குடியேறுவார். மூத்தவள் இருக்க இளையவளுக்கா என்று ஊரில் ஒரு பேச்சு எழுந்தது. என் கலியாணத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லி நான்தான் வழிவிட்டேன். மேலே யாராவது வேகமாக நடந்தால் கீழே ஹோலில் தொங்கும் விளக்கு ஆடும். தங்கச்சி அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

"ராத்தா, எனக்குப் புள்ள கிடைச்சா தொட்டில் ஆட்டத் தேவல்ல. ஊடே ஆட்டும்."

நானும் சிரித்தேன். பிறகு நாள் முழுக்க அந்த வசனம் என்னோடு வகுப்பறைக்கெல்லாம் வந்தது. என்னோடு படித்த ஒரு பெண்ணின் கணவர் கட்டிடப் பொறியியலாளர். அவரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் அலுமாரிக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பார்த்தார். மேலேயும் பாருங்கள் என்றேன். படிக்கட்டில் ஏற மறுத்துவிட்டார். அதற்கு மேல் எனக்கு ஓர் அறிக்கை தேவைப்படவில்லை.

விற்போம் என்று நான் சொன்னதும் உம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

"பொம்புளப் புள்ளட ஊட்ட வித்துத் திண்டவங்க எண்டு சொல்லுவாங்க. எனக்கு வெளியில எறங்க ஏலாது."

"ஊடு என்ட பேருல இரிக்கி உம்மா. வித்தா நான்தான் வித்த. டீச்சர் வித்துத் திண்டுட்டாள் எண்டு சொல்லட்டும்."

"ஒனக்கு வாய் நீளம். அந்தப் படிப்ப வேற குடுத்துட்டம்."

"அந்தப் படிப்புத்தான் சொல்லுது, இது விழும் எண்டு."

வாப்பா மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், "இன்னுமொரு தரம் பூசிப் பாப்பம்" என்றார். பூசுகிற காசில் தங்கச்சிக்கு வேறு இடத்தில் ஒரு துண்டு நிலத்துக்கு முற்பணமாவது கட்டலாம் என்றேன். வீட்டை விற்றால் ஒரே தளத்தில் சிறிய வீடு தங்கச்சிக்கு. எனக்கு என் சம்பளம் இருக்கிறது, நான் பிறகு பார்த்துக்கொள்வேன். வாப்பா பெட்டியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "வாங்க ஒருத்தன் வரோணுமே" என்றார். அது சம்மதம்.

உம்மாவிடம் சம்மதம் கிடைக்கவில்லை. ஆனால் ஆட்கள் வந்தால் தேத்தண்ணி தருவேன் என்றார்.

ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்த தம்பதிக்கு வீடு பிடித்தது. மாபிளைப் பார்த்து அந்தப் பெண்ணின் கண் விரிந்ததை உம்மா கவனித்துச் சந்தோசப்பட்டார். அவர்கள் வங்கிக் கடனில் வாங்குகிறவர்கள். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வெளிச்சுவரை மட்டும் சுற்றி வந்துவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போனார். கடன் கிடைக்காது என்று சேதி வந்தது. அடுத்து வந்தவருக்கும் அதுதான் நடந்தது. மூன்றாவதாக ஒருவர், எல்லாவற்றையும் திருத்தித் தந்தால் எடுக்கிறேன் என்றார். திருத்த முடிந்தால் நாங்கள் ஏன் விற்கிறோம்?

கையில் காசோடு வருகிற ஆள்தான் வேண்டும், வங்கி நுழையாத ஆள். அப்படி ஊரின் மற்றக் கோடியிலிருந்து ஒரு ஹாஜியார் வருகிறார் என்று தரகர் சொன்னார். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். அவர் வருவதற்கு முந்தின நாள் வாப்பா எனக்குத் தெரியாமல் ஹோலுக்கு இளம்பச்சை நிறம் அடித்திருந்தார். பாடசாலை விட்டு வந்தபோது வீடு முழுக்கப் பெயின்ட் மணம். அலுமாரி அங்குலமும் அசையாமல் அதே இடத்தில் நின்றது.

பின்னேர அஸர் தொழுகை முடிந்த கையோடு ஹாஜியார் மனைவியோடு வந்தார். பருத்த உடம்பு, மெல்லிய குரல். மனைவி வந்ததும் செருப்பைக் கழற்றி மாபிளில் வெறுங்காலை வைத்து, "நல்ல குளிர்ச்சி மச்சி" என்றார். உம்மாவின் முகம் மலர்ந்தது.

ஹாஜியார் கதிரையில் இருந்தபடி சுற்றிப் பார்த்தார். "கதைய நீட்டத் தேவல்ல காக்கா. கைக்காசு. இரிக்கிறபடியே தாங்க, நீங்க ஒரு ஆணியும் அடிக்கத் தேவல்ல. மூத்தவளுக்கு ஒரு இடம் பாக்கோணும், அதுக்குத்தான்."

வாப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கு ஒரு சொல் மட்டும்தான் கேட்டது. மூத்தவளுக்கு. இன்னொரு வீட்டு மூத்த பெண் இந்த ஹோலில் அலுமாரியைத் திறந்து அபாயா எடுப்பாள், அவளுக்கு மேலே அந்தப் பிளேட் இருக்கும். கைக்காசோடு வந்த ஒரே ஆள். வாயைத் திறந்தால் போய்விடுவார், தங்கச்சி மேல் வீட்டில் குடியேறுவாள். திறக்காவிட்டால் இவருடைய மகள் குடியேறுவாள். வாப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு என்னைத் தெரியும்.

"ஹாஜியார், வாங்கிறத்துக்கு முதல் அலுமாரிக்குப் பின்னுக்கு ஒருக்காப் பாருங்க," என்றேன்.

"மகள்!" என்றார் வாப்பா.

"மகளக் குடிவெக்கிற இடம் வாப்பா. அவர் பாக்கட்டும்."

நான் எழுந்து அலுமாரியின் ஒரு பக்கத்தைத் தள்ளினேன். அசையவில்லை. தங்கச்சி குசினியிலிருந்து ஓடி வந்து மறுபக்கம் பிடித்தாள். அது கீச்சென்று நகர்ந்தது. புதிய இளம்பச்சைக்கு நடுவில், பெயின்ட் எட்டாத இடத்தில், என் கை நுழையும் அளவு வெடிப்பு. அதற்குள் ஒரு பல்லி எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

ஹாஜியார் குலுங்கிச் சிரித்தார். அந்த மெல்லிய குரலுக்கு அது பொருந்தாத சிரிப்பு.

"மகள், நான் பதினாறு தரம் இந்த ரோட்டால போயிருப்பன். உங்கட ஊடு வெளியில இருந்து பாத்தாலே வயித்துவலி வந்தவன் மாதிரித்தான் நிக்கிது. தரகர் என்ன சொல்லி எனக்கு அடையாளம் காட்டினவர் தெரியுமா? ஹோலுக்குள்ள அலுமாரி வெச்ச ஊடு எண்டு."

அவருடைய மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். "எங்கட தெருவிலயும் அப்படித்தான் சொல்லுறாங்க," என்றார், சிரிப்பை அடக்க முடியாமல்.

இத்தனை வருடமாக நாங்கள் மறைத்து வைத்திருந்த வெடிப்பு, எங்கள் வீட்டின் விலாசமாக இருந்திருக்கிறது. வாப்பா தலையைக் குனிந்தார். தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறார் என்று பயந்தேன். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"அப்ப மகள இதுக்குள்ளயா வெக்கப்போறீங்க?" என்று கேட்டேன்.

"எனக்குப் பைத்தியமா? ஒடச்சிக் கொட்டிப்போட்டு, அடியில இருந்து தூண் எழுப்பித்தான் கட்டுவன். எனக்கு வளவுதான் தேவ. அதுக்குத்தான் விலை. ஊட்டுக்கு இல்ல."

சிரிப்பு அங்கே நின்றது. உம்மா தேத்தண்ணித் தட்டோடு கதவருகே நின்றிருந்தார்.

"அப்ப என்ட ஊடு சும்மாவா?"

ஹாஜியார் கதிரையில் நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தார். "அப்படி இல்ல தங்கச்சி..."

"சும்மா எண்டுதானே சொன்ன. விளங்கிச்சி." உம்மா தட்டை மேசையில் வைத்தார். ஒரு துளியும் சிந்தவில்லை. உம்மா ஒத்துக்கொள்ளாவிட்டால் உறுதியில் என் பெயர் இருந்தும் நான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்பது எனக்குத் தெரியும். குவைத்தில் அவர் துடைத்த தரைக்கு முன்னால் என் உறுதி என்ன? எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

உம்மா வாசல் பக்கம் போனார். முன் கதவில் கையை வைத்தார். முதிரைப் பலகையில் செய்த கனமான இரட்டைக் கதவு. குவைத்திலிருந்து கடைசியாக வந்தபோது செய்வித்தது.

"ஊட்டுக்கு விலை இல்லயெண்டா, ஊடு இன்னும் எனக்குத்தானே ஹாஜியார்? நீங்க வாங்கிற வளவத்தானே. அப்ப இந்தக் கதவ நான் கழட்டிட்டுப் போறன். நிலையோட. ஜன்னலும்."

"இரிக்கிறபடியே எண்டெல்லோ சொன்ன நான்..."

"வளவு இரிக்கிறபடியே இரிக்கும். அத நான் தூக்கிட்டுப் போறல்ல."

ஹாஜியார் மனைவியைப் பார்த்தார். மனைவி, "குடுங்க, அவ சொல்லுறது சரிதானே," என்றார். பிறகு உம்மாவிடம், "மச்சி, நீங்க கடைக்கு வந்து இவருக்குப் பக்கத்தில இருந்தா எங்களுக்கு நட்டமே வராது," என்றார். உம்மா சிரிக்கவில்லை. ஆனால் தேத்தண்ணியை எடுத்து அவர் கையில் கொடுத்தார், சீனி போதுமா என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு விடயம் முடிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

விற்பனை எழுதிய நொத்தாரிசு காரியாலயத்தில் நான் உறுதியை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தேன். நொத்தாரிசு மணிக்கூட்டைப் பார்த்தார். உம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகவே வாசித்தேன், விளங்காத சொல்லுக்கு விளக்கமும் சொன்னேன். "மேற்படி ஆதனத்தை அதன் தற்போதைய நிலையிலேயே" என்ற இடம் வந்ததும் உம்மா, "கதவு ஜன்னல் தவிர எண்டு இரிக்கா?" என்று கேட்டார். இருந்தது. அதைச் சேர்க்கச் சொன்னதே நான்தான். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையெழுத்து வைத்தேன். நான் நினைத்ததைவிட இலேசாக இருந்தது. பேனையை மூடும்போது எனக்குக் கொட்டாவி வந்தது. பல மாதமாக நான் சரியாகத் தூங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பிரதான வீதிக்கு அங்கால, மணல் மேட்டுப் பக்கம், வாடகைக்கு ஒரு சிறிய வீடு எடுத்தோம். தங்கச்சிக்கு அதே வீதியில் நிலம் வாங்கியாயிற்று, ஒரே தளத்தில் அத்திவாரம் போட்டாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சம்மதித்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா எங்கள் உம்மாவிடம் மெதுவாகச் சொன்னாராம், மகன் அந்த மேல் வீட்டில் ஏறுவதை நினைத்து அவரும் தொழுகையில் அழுதுகொண்டிருந்தார் என்று. இதையும் அதுவரை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் மரியாதை கொடுத்துக்கொண்டு ஒரு விழப்போகிற வீட்டுக்குள் போகத் தயாராக இருந்திருக்கிறோம்.

இடிக்கிற அன்று வாப்பா மீன் விற்றுவிட்டு அந்த வழியால் வந்தார். வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்:

"மிசின் கைய வெச்சதுதான். ஒரு தட்டு. மேல் ஊடு முழுசா கீழ் ஊட்டுக்குள்ள இரிக்கி."

உம்மா மா அரித்துக்கொண்டிருந்தார். அரிப்பை நிறுத்தினார். தங்கச்சியைப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "மாபிள்?" என்று கேட்டார்.

"அதுக்குக் கீழ."

"போகட்டும். வழுக்கும்," என்றார் உம்மா. அதைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தவரே அவர்தான். நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

முதிரைக் கதவு தங்கச்சியின் புதிய வீட்டுக்காகச் சாக்குப் போர்த்திச் சுவரோரம் சாய்ந்திருக்கிறது. அலுமாரி அறைக்குள் போய்விட்டது. ஹோலில் இப்போது கதிரைகள் மட்டும்தான். வருகிறவர்கள் காலை நீட்டி இருக்கலாம்.

சென்ற கிழமை முதல் மாரி மழை வந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, கடல் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. நான் மாணவர்களின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கூரையில் சத்தம் கேட்டதும் உம்மா பழைய பழக்கத்தில் எழுந்து அறைக்குள் போனார். அலுமாரியை விரல் நுழையும் அளவு இழுத்து, கன்னத்தைச் சுவரில் வைத்துப் பின்னால் எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"என்ன உம்மா இரிக்கி?"

"ஒண்டுமில்ல," என்றார். சுவரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "வெறும் சுவருதான் கா."

அலுமாரியைத் திரும்பத் தள்ளி வைத்துவிட்டு, மழை பெய்துகொண்டிருக்கும்போதே பாயை விரித்துப் படுத்தார். நான் அடுத்த விடைத்தாளை எடுப்பதற்குள் அவருடைய குறட்டை கேட்டது.